அம்மா, நாலு குட்டி, சில வாரங்கள்... கொல்லைப்புறத்துக்குக் குடிவரும் கிரவுண்ட்ஹாக் குடும்பம்!

ஆசை ஆசையாகப் போட்ட வீட்டுத்தோட்டம். பறிக்கலாம் என்று போனால் காய்கறிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருக்கின்றன. என்ன செய்வீர்கள்? அமெரிக்காவின் டெலாவர் மாநிலத்தில் ஒரு தோட்டக்காரர் கேமரா வைத்தார். திருடன் சிக்கினான். சிக்கியதோடு நிற்கவில்லை. கேமராவுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்து, லென்ஸைப் பார்த்தபடியே கறுக் முறுக்கென்று மென்று தின்றான்!

உப்பிய கன்னம், சின்னக் காது, பழுப்பு ரோமம்... 'சங்க்' என்று பெயர் வைக்கப்பட்ட அந்த கிரவுண்ட்ஹாக்கின் வீடியோக்கள் கொரோனா காலத்தில் உலகம் முழுக்க ஷேர் ஆயின. கொஞ்ச நாளில் குட்டிகளும் கேமரா முன்னால் வந்து சாப்பிட ஆரம்பித்தன. தோட்டக்காரரும் விரட்டுவதை விட்டுவிட்டு ரசிக்கத் தொடங்கிவிட்டார்.

மொபைலில் பார்க்க ஜாலியான விஷயம்தான். ஆனால், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒவ்வொரு மே மாதமும் எத்தனையோ வீடுகளின் கொல்லைப்புறத்தில் இதே குடும்பம் வந்து நிற்கிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. விரட்டுவதா, விட்டுவைப்பதா? இதற்கு அவசரப்பட்டு எடுக்கும் முடிவு, மண்ணுக்கு அடியில் இருக்கும் குட்டிகளின் உயிரையே பறித்துவிடலாம்.

பன்றி அல்ல... அணில்!

பெயரில் 'ஹாக்' இருந்தாலும் பன்றிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கிரவுண்ட்ஹாக் என்பது அணில் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. அதிலும் 'மார்மோட்' எனப்படும் பெரிய தரை அணில்களின் வகை. அறிவியல் பெயர் மார்மோட்டா மோனாக்ஸ். நன்றாக வளர்ந்த கிரவுண்ட்ஹாக் 2 முதல் 6 கிலோ வரை எடை இருக்கும். வீட்டுப் பூனையைக் கொஞ்சம் குட்டையாக்கி, நன்றாகக் கொழுக்க வைத்தால் எப்படி இருக்குமோ, அந்த சைஸ்.

'உட்சக்' என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. 'உட்' என்றால் மரம்தானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் பூர்வகுடிகளின் அல்கோன்கியன் மொழிச் சொல் ஒன்று, ஆங்கிலேயர் வாயில் உருமாறி வந்த பெயர் அது. ஆபத்து என்றால் விசில் அடிப்பதால் 'விசில் பிக்' என்றும் கிராமங்களில் அழைக்கிறார்கள்.

லடாக் சுற்றுலா போனவர்கள், பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் கொழுகொழு விலங்குகளைப் பார்த்திருக்கலாம். அது இமாலய மார்மோட். கிரவுண்ட்ஹாக்குக்கு அது பெரியப்பா வீட்டுப் பிள்ளை மாதிரி. ஆனால், குணத்தில் வித்தியாசம் உண்டு. இமாலய மார்மோட்டுகள் கூட்டமாக வாழும். கிரவுண்ட்ஹாக் பெரும்பாலும் தனி ஆள். தனி வளை, தனிச் சாப்பாடு. அந்தத் தனிமையில் ஒரு குடும்பம் தெரிவது, வருடத்தில் சில வாரங்களுக்கு மட்டும்தான்.

பிப்ரவரியில் மாப்பிள்ளை, ஏப்ரலில் குட்டி

இந்தக் குடும்பக் கதை குளிர்காலத்தின் கடைசியில் தொடங்குகிறது. கிரவுண்ட்ஹாக் இலையுதிர் காலத்தில் வளைக்குள் போனால், மாதக்கணக்கில் உறங்கும். அது சாதாரணத் தூக்கம் இல்லை. சுமார் 37 டிகிரி செல்சியஸாக இருக்கும் உடல் வெப்பம், 5 டிகிரிக்கு அருகில் இறங்கிவிடும். நிமிடத்துக்கு 80 முறை அடிக்கும் இதயம், பத்துக்கும் குறைவாகவே அடிக்கும். அவ்வப்போது சில நாள் விழித்துவிட்டு மறுபடியும் அந்த ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய்விடும். கோடையில் சேர்த்துவைத்த கொழுப்புதான் இத்தனை மாதத்துக்கும் சாப்பாடு.

பிப்ரவரியில் ஆண்தான் முதலில் எழுந்து வெளியே வருகிறது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஸ்டாம் ஜெர்வானோஸ் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் கண்காணித்தார். அந்தப் பனியிலேயே ஆண் கிரவுண்ட்ஹாக், தன் எல்லையில் இருக்கும் பெண்களின் வளைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும். உடனே கல்யாணம் இல்லை. 'யார் யார் எங்கே இருக்கிறார்கள்' என்று தெரிந்துகொள்வதற்கான விசிட் அது. பிறகு மறுபடியும் போய்ப் படுத்துவிடும். மார்ச் மாதத்தில் எல்லாரும் எழுந்த பிறகுதான் இணை சேர்தல்.

சுமார் 32 நாள்களில், அதாவது ஏப்ரலில் குட்டிகள் பிறக்கின்றன. பொதுவாக 2 முதல் 6 குட்டிகள். நாலு என்பது சகஜம். பிறக்கும்போது ரோமம் இருக்காது, கண் திறந்திருக்காது. உள்ளங்கையில் அடங்கும் சதைத் துண்டு மாதிரிதான் இருக்கும். கண் திறக்கவே ஏறக்குறைய நாலு வாரம் ஆகும்.

அப்பா? அவர் இந்தக் கதையில் அதோடு காணாமல் போய்விடுவார். குட்டிகளை வளர்ப்பது முழுக்க முழுக்க அம்மாவின் வேலை.

வாசலில் ஒரு தலை... பிறகு நாலு தலை

மே மாதம் நடுவில் ஒருநாள், ஷெட்டுக்கு அடியில் இருக்கும் வளையின் வாசலில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தலை எட்டிப் பார்க்கும். அடுத்த நாள் இரண்டு. பிறகு நாலு. பிறந்து ஐந்து, ஆறு வாரம் கழித்து அவை முதன்முறையாக வெளிச்சத்துக்கு வருவது அப்போதுதான்.

அதன் பிறகு ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. குட்டிகள் ஒன்றை ஒன்று கட்டிப் புரளும். பின்னங்காலில் நின்று குத்துச்சண்டை போடும். அம்மா வந்தால் மூக்கை அதன் வாயருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும். முத்தம் கொடுப்பது போலவே இருக்கும் இது, கிரவுண்ட்ஹாக்குகள் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டு வணக்கம் சொல்லும் முறை.

அம்மாவோ சாப்பிடும்போதுகூட நிம்மதியாக இருக்காது. ரெண்டு வாய் புல், உடனே நிமிர்ந்து ஒரு பார்வை. மறுபடி ரெண்டு வாய், மறுபடி ஒரு பார்வை. நரி, கொயோட்டி, நாய், வானத்தில் வட்டமிடும் பருந்து என்று குட்டிகளுக்கு எதிரிகள் அதிகம். ஏதாவது அசைந்தால் கீச்சென்று ஒரு விசில். அடுத்த நொடி புல்வெளி காலி. நாலு குட்டியும் வளைக்குள்!

காலையிலும் வெயில் தணிந்த மாலையிலும்தான் இவை அதிகம் வெளியே வரும். க்ளோவர், டேன்டிலையன் போன்ற புல்வெளிச் செடிகள் பிடித்த உணவு. பட்டாணி, பீன்ஸ், லெட்யூஸ் கிடைத்தால் விருந்து. அதனால்தான் டொரன்டோவிலும் நியூ ஜெர்சியிலும் குடியேறி, கொல்லைப்புறத்தில் அவரையும் கீரையும் போட்டு வளர்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் இந்த விலங்கு பழக்கமான விருந்தாளி. சிலருக்குப் பழக்கமான எதிரி!

மரம் ஏறும், நீந்தும். சாப்பிட்டு முடித்தால் வெயிலில் படுத்து ஓய்வெடுக்கும். இதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தாக வேண்டும்.

ஜூலையில் காலியாகும் வீடு

இந்தக் காட்சி நீண்ட நாள் நீடிக்காது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம்.

ஜூன் கடைசியிலிருந்து குட்டிகள் ஒவ்வொன்றாக வளையை விட்டுக் கிளம்பும். அப்போது அவற்றுக்கு வயது இரண்டு, மூன்று மாதம்தான். நேற்று வரை கொஞ்சிய அம்மாவே சில நேரம் பல்லைக் கடித்துச் சத்தம் எழுப்பி விலக்கிவைக்கும். சில குட்டிகள் பக்கத்தில் பழைய வளை கிடைத்தால் அங்கே குடியேறும். சில, சாலை தாண்டி, தோட்டம் தாண்டிப் போக வேண்டியிருக்கும். அந்தப் பயணத்தில் காரில் அடிபடுவதும், நரியிடம் சிக்குவதும் நடக்கும். தப்பிப் பிழைத்தாலும் காட்டுச் சூழலில் ஒரு கிரவுண்ட்ஹாக் ஆறு வருடத்தைத் தாண்டி வாழ்வது அபூர்வம்.

ஆக, மே நடுவிலிருந்து ஜூலை வரை, அதிகபட்சம் ஆறிலிருந்து எட்டு வாரம். கொல்லைப்புறத்தில் 'குடும்பம்' என்று பார்க்கக் கிடைப்பது அவ்வளவுதான்.

'அப்படியானால் பாசமே இல்லாத விலங்கா?' என்றால், அதுவும் இல்லை. மெய்ன் மாநிலத்தின் ஃபால்மவுத்தில் கில்ஸ்லாண்ட் ஃபார்ம் என்ற சரணாலயம் இருக்கிறது. சதர்ன் மெய்ன் பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்டின் மாஹர், அங்குள்ள கிரவுண்ட்ஹாக்குகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார். காதில் சிறு அடையாள வில்லை போட்டு, யார் யாருடைய குட்டி, யார் எங்கே குடியிருக்கிறார் என்று வம்சாவளியே எழுதிவைத்திருக்கிறார். அவர் கண்டது சுவாரஸ்யமானது. எல்லாக் குட்டிகளும் தூரமாகப் போய்விடுவதில்லை. சில மகள்கள் அம்மாவின் எல்லையை ஒட்டியே வீடு பார்த்துக்கொள்கின்றன. சொந்தக்காரர்கள் பக்கத்தில் மேய்ந்தால் சண்டை குறைவு. தனி ஆள் என்று பேர் வாங்கிய விலங்குக்குள்ளும் உறவு பார்க்கும் குணம் இருக்கிறது!

அவசரப்பட்டால் என்ன நடக்கும்?

தோட்டக்காரர்களின் கோபம் நியாயமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. ஒரே காலையில் ஒரு பாத்தி பீன்ஸ் நாற்றைக் காலி செய்துவிடக்கூடிய விலங்கு இது. வளை 10 மீட்டருக்கும் மேல் நீளும். முன்வாசலில் மண்மேடு, ஒளிந்து ஓடப் பின்வாசல், தூங்க ஓர் அறை, கழிவுக்குத் தனி அறை என்று பிளான் போட்டுக் கட்டிய வீடு மாதிரி இருக்கும். அது ஷெட்டின் அஸ்திவாரத்துக்கு அடியில் போனால் உரிமையாளருக்குச் செலவுதான்.

இந்தச் சண்டை இன்று நேற்று தொடங்கியது இல்லை. 1854-ல் வெளிவந்த 'வால்டன்' நூலை எழுதிய ஹென்றி டேவிட் தோரோ, இயற்கையோடு வாழக் காட்டுக்குப் போனவர். அவருடைய பீன்ஸ் வயலையும் இவை விட்டுவைக்கவில்லை. ஒருமுறை கோபம் தாங்காமல் ஒன்றைக் கொன்று தின்றதையும் அவரே அந்த நூலில் எழுதியிருக்கிறார். 1883-ல் நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றம் இதற்கென்றே ஒரு கமிட்டி போட்டு, கொல்லப்படும் ஒவ்வொரு கிரவுண்ட்ஹாக்குக்கும் 10 சென்ட் பரிசு என்று அறிவித்தது. 

இன்றும் வளைக்குள் போடும் புகைக் குண்டுகளும், கூண்டுப் பொறிகளும் கடையில் கிடைக்கின்றன. சிக்கல், அவற்றைப் பயன்படுத்தும் மாதத்தில் இருக்கிறது. ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ ஒரு கிரவுண்ட்ஹாக் பொறியில் சிக்கினால், அது பெரும்பாலும் தனி ஆள் இல்லை. பால் கொடுக்கும் அம்மாவாக இருக்கலாம். 'பாவம், கொல்ல வேண்டாம்' என்று பத்து மைல் தள்ளிக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பி வருகிறார் வீட்டுக்காரர். வளைக்குள் நாலு குட்டிகள் கண் திறக்காமலே பசியில் சாகும். அது வெளியே யாருக்கும் தெரியவே தெரியாது.

கொண்டுபோய் விடப்பட்ட அம்மாவுக்கும் வாழ்க்கை சுலபம் இல்லை. புது இடத்தில் வளை கிடையாது, ஒளிய இடம் தெரியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், காட்டு விலங்கைப் பிடித்து வேறு இடத்தில் விடுவதற்கே தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது. நோய் பரவும் அபாயமும் அதற்கு ஒரு காரணம்.

அதனால் வனவிலங்கு நல அமைப்புகள் சொல்லும் வழி எளிமையானது. காத்திருங்கள். குட்டிகள் கிளம்பிய பிறகு, குளிர்கால உறக்கம் தொடங்கும் முன்பு, அதாவது கோடையின் பிற்பகுதியில் வளையைக் காலி செய்ய வையுங்கள். 

அதுவரை தோட்டத்தை எப்படிக் காப்பாற்றுவது?

* சுமார் மூன்றடி உயரத்துக்குக் கம்பிவலை வேலி போடலாம். மேல்பகுதியை இறுக்கிக் கட்டாமல் ஆடும்படி விட வேண்டும். ஏறும்போது வலை வளைந்தால் பயந்து இறங்கிவிடும்.

* வலையின் அடிப்பகுதியை ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்து, வெளிப்பக்கமாக மடக்கிவிட வேண்டும். தோண்டிக்கொண்டு உள்ளே வர முடியாது.

* வளைக்கு அருகில் நாயை அவிழ்த்துவிட வேண்டாம். குட்டிகள் அதனிடமிருந்து தப்பிக்க முடியாது.

* பிஸ்கட், பிரெட் எதுவும் கொடுக்க வேண்டாம். மனிதர்களிடம் பயம் போன விலங்கு, அடுத்த வீட்டில் உயிரை விடும். லடாக் மார்மோட்டுகளுக்கும் இதே விதிதான்.

* தொடவே கூடாது. அமெரிக்காவில் கொறி விலங்குகளில் ரேபிஸ் அதிகம் கண்டறியப்படுவது கிரவுண்ட்ஹாக்கில்தான். ஜன்னலுக்கு உள்ளே இருந்தோ, கேமரா வைத்தோ பார்ப்பதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

புகழ்பெற்ற அப்பா

கிரவுண்ட்ஹாக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பிப்ரவரி 2-ம் தேதி கொண்டாடப்படும் 'கிரவுண்ட்ஹாக் டே'. பென்சில்வேனியாவின் பங்க்சுடானி ஊரில் 1887 முதல் இந்த விழா நடக்கிறது. 'ஃபில்' என்று பெயரிடப்பட்ட கிரவுண்ட்ஹாக் தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர், பார்க்காவிட்டால் சீக்கிரமே வசந்தம் என்பது நம்பிக்கை. பில் முர்ரே நடித்து 1993-ல் வந்த 'கிரவுண்ட்ஹாக் டே' படம் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

2024 மார்ச்சில் அந்த ஃபில்லுக்கும் அதன் ஜோடி ஃபிலிஸுக்கும் இரண்டு குட்டிகள் பிறந்தன. பெயர் என்ன தெரியுமா? 'சன்னி', 'ஷேடோ'. வெயிலும் நிழலும்! மனிதர்களின் பராமரிப்பில் இருப்பதால் அங்கே அப்பாவும் உடன் இருக்க முடிகிறது. கொல்லைப்புறத்துக் குட்டிகளுக்கு அந்த வசதி இல்லை. அம்மாவைப் பிடித்துவிட்டால், அவற்றுக்கு வேறு யாருமே இல்லை.

கீழாநெல்லிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தமிழ்நாட்டுக்கும் இந்த விலங்குக்கும் யாரும் எதிர்பார்க்காத ஒரு தொடர்பு உண்டு. அது ஒரு செடி வழியாக வந்தது. மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிகள் அரைத்துக் கொடுத்த அதே கீழாநெல்லி!

மனிதர்களைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ், கிரவுண்ட்ஹாக்குகளின் கல்லீரலைத் தாக்குகிறது. 1970-களின் கடைசியில் இது தெரியவந்தது. அதிலிருந்து ஹெபடைடிஸ் பி, கல்லீரல் புற்றுநோய் ஆராய்ச்சிகளில் இந்த விலங்கு முக்கிய இடம் பிடித்தது.

1987-ல் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மைய விஞ்ஞானிகள், கீழாநெல்லி இனச் செடியின் சாற்றை வைரஸ் தாக்கிய கிரவுண்ட்ஹாக்குகளுக்குச் செலுத்திப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்தவரும் 1976-ல் நோபல் பரிசு பெற்றவருமான பரூக் பிளம்பெர்க் அந்தக் குழுவில் ஒருவர். முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால், பிறகு மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் ஒரே மாதிரியான பலன் கிடைக்கவில்லை. அதனால் காமாலை வந்தால் டாக்டரிடம் போவதுதான் சரி. ஆனாலும், நம் வரப்பு ஓரத்துச் செடி ஒன்று, அமெரிக்க வரப்பு ஓரத்து விலங்கைச் சந்தித்த கதை இது.

காகிதப் பந்து சொல்லும் பதில்

குடும்பம் கிளம்பிவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. பழைய செய்தித்தாளைக் கசக்கி, வளையின் எல்லா வாசலிலும் லேசாக அடைத்துவிட வேண்டும். இரண்டு, மூன்று நாளில் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருந்தால், உள்ளே ஆள் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். காகிதம் அப்படியே இருந்தால், வீடு காலி. அப்போது மண்ணைப் போட்டு மூடிக்கொள்ளலாம்.

மூடாமல் விட்டாலும் நஷ்டம் இல்லை, அது அஸ்திவாரத்துக்கு அடியில் இல்லாதவரை. ஒரு கிரவுண்ட்ஹாக் தோண்டிவிட்டுப் போன வளையில் முயலோ, ஸ்கங்க்கோ, நரியோ குடியேறும். தோண்டிப் புரட்டிய மண்ணில் காற்றும் நீரும் இறங்கும்.

அந்த அம்மாவோ அதற்குள் அடுத்த வேலையில் இறங்கியிருக்கும். குட்டிகளுக்குப் பால் கொடுத்து இளைத்த உடம்பு, அக்டோபருக்குள் மறுபடி கொழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்தைப் பார்க்க முடியாது. ஜூலை கடைசியில் பீன்ஸ் மறுபடியும் விதைக்கலாம். குளிருக்கு முன்பே காய்த்துவிடும். ஆனால், ஏப்ரலில் அம்மாவை இழந்த குட்டிகளுக்கு இரண்டாவது பருவம் என்று ஒன்று கிடையாது.